குழந்தை வளர்ப்பிலும் படிப்பிலும் அன்றாட வாழ்விலும் நடத்தைப் பகுப்பாய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடத்தைப் பகுப்பாய்வு என்பது என்ன?

ஒருவர் ஒரு செயலை ஏன் செய்கிறார், ஏன் திரும்பத் திரும்பச் செய்கிறார், ஏன் விட்டுவிடுகிறார் என்பவற்றை, அச்செயலுக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன கிடைத்தது என்று பார்த்து ஆராயும் துறை இது. நம் வீடுகளில் பேச்சு பெரும்பாலும் "பிடிவாதக்காரன்", "சோம்பேறி", "மந்தம்" என்று பெயர் சூட்டுவதோடு நின்றுவிடுகிறது. அந்தப் பெயர்கள் எதையும் விளக்குவதில்லை. பையன் ஏன் படிக்கவில்லை என்று கேட்டால் அவன் சோம்பேறி என்கிறோம். சோம்பேறி என்று எப்படித் தெரியும் என்று கேட்டால் அவன் படிப்பதில்லையே என்கிறோம். இந்த வட்டத்தைவிட்டு வெளியே வர வேண்டுமானால் கேள்வியை மாற்ற வேண்டும். எந்தப் பாடத்தை எடுக்கும்போது, யார் அருகில் இருக்கும்போது அவன் புத்தகத்தை மூடுகிறான், மூடியவுடன் என்ன நடக்கிறது?

இந்த யோசனைக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு உண்டு. 1898-இல் அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு தார்ன்டைக், பூட்டிய பெட்டிக்குள் இருந்த பூனைகள் தப்பிக்கக் கற்றுக்கொள்வதை ஆராய்ந்தார். நல்ல விளைவைத் தந்த செயல் நிலைக்கிறது, தராத செயல் தேய்கிறது என்ற விளைவு விதி அங்கிருந்து வந்தது. பி.எஃப். ஸ்கின்னர் 1938-இல் வெளியிட்ட நூல் அதை முழுமையான ஆய்வுமுறையாக்கியது. டொனால்டு பேர், மான்ட்ரோஸ் வுல்ஃப், டாட் ரிஸ்லி ஆகிய மூவரும் 1968-இல் எழுதிய கட்டுரை, ஆய்வுக்கூடத்தில் கண்டதை வீட்டிலும் பள்ளியிலும் மக்களுக்கு முக்கியமான சிக்கல்களில் பயன்படுத்துவதற்கான நெறிகளை வகுத்தது. தமிழ்நாட்டில் பி.எட். படித்தவர்கள் தார்ன்டைக்கையும் ஸ்கின்னரையும் தேர்வுக்காகப் படித்திருப்பார்கள். அதே விதிகளை மாலை ஆறு மணிக்கு வீட்டுப்பாடம் எழுத மறுக்கும் மகளிடம் பொருத்திப் பார்ப்பவர்கள் குறைவு என்பதுதான் என் வருத்தம்.

கடையில் அழுது புரளும் குழந்தையை என்ன செய்வது?

தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு சனிக்கிழமை மாலையை எண்ணிப் பாருங்கள். நான்கு வயதுக் குழந்தை ஒரு பொம்மை காரைக் கேட்கிறது. அம்மா வேண்டாம் என்கிறார். குழந்தை முதலில் சிணுங்குகிறது, பிறகு அழுகிறது, கடைசியில் தரையில் புரள்கிறது. சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்க்க, கூச்சம் தாங்காமல் அம்மா வாங்கிக் கொடுத்துவிடுகிறார். அழுகை சட்டென்று நிற்கிறது.

இங்கே இருவரும் பாடம் கற்றிருக்கிறார்கள். சிணுங்கினால் கிடைக்காது, புரண்டால் கிடைக்கும் என்று குழந்தை கற்றது. கொடுத்துவிட்டால் அழுகை ஓயும் என்று அம்மா கற்றார். விரும்பியது கிடைப்பதால் ஒரு செயல் வலுப்பெற்றால் அது நேர்மறை வலுவூட்டல். துன்பம் தரும் ஒன்று விலகுவதால் வலுப்பெற்றால் எதிர்மறை வலுவூட்டல். பின்னதைத் தண்டனை என்று பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். வலுவூட்டல் எதுவாயினும் அது செயலைக் கூட்டவே செய்யும். குழந்தையும் பெற்றோரும் இப்படி ஒருவரையொருவர் பழக்கிக்கொள்ளும் சுழலை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்டு பேட்டர்சன் பல ஆண்டுகள் குடும்பங்களைக் கவனித்து விரிவாக விளக்கினார்.

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்ற பழமொழி கைக்குழந்தைக்கு முற்றிலும் பொருந்தும். அதற்கு அழுகை ஒன்றே மொழி, அதற்கு உடனே பதில் சொல்லியே ஆக வேண்டும். பேசத் தெரிந்த நான்கு வயதுக் குழந்தைக்கோ, பேசிக் கேட்பது பலிக்க வேண்டும், புரள்வது பலிக்கக் கூடாது. ஆகவே வேலை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே தொடங்குகிறது. தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு கிளம்புங்கள். "இன்னைக்குப் பாட்டிக்குப் புடவை மட்டும்தான் வாங்கப் போறோம், உனக்கு ஒரு ஜூஸ் உண்டு" என்று முன்னமே சொல்லுங்கள். கடைக்குள் பையைப் பிடிக்க, நிறம் தேர்ந்தெடுக்க என்று சிறு வேலை கொடுங்கள். குழந்தை ஒருமுறை நல்லபடியாகக் கேட்டால், தரக்கூடியது எனில் சில நேரம் தந்துவிடுங்கள். புரண்ட பிறகு மட்டும் தராதீர்கள். திட்டவும் வேண்டாம், விரிவுரையும் வேண்டாம். பாதுகாப்பாக அருகில் நின்று, அடங்கியதும் இயல்பாகப் பேசுங்கள்.

கண்டுகொள்ளாமல் விட்டால் அழுகை இன்னும் கூடுகிறதே?

கூடும். இதுவரை பலித்த ஒன்று திடீரென்று பலிக்காமல் போனால், கைவிடும் முன் அதையே உரக்கவும் நீளமாகவும் செய்து பார்ப்பது மனித இயல்பு. பொத்தானை அழுத்தியும் லிஃப்ட் வராவிட்டால் நாமும் நாலைந்து முறை அழுத்துகிறோம் அல்லவா? அந்த உச்சத்தில் மனம் இளகிக் கொடுத்துவிட்டால், அடுத்த முறை அழுகை அந்த உச்சத்திலிருந்தே தொடங்கும். கடைசிவரை நிற்க முடியாது என்று தெரிந்தால், இந்த வழியைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. உச்சத்தில் இளகிக் கொடுப்பதைவிட முதல் சிணுங்கலிலேயே கொடுத்துவிடுவது மேல்.

இதற்கு 1959-இல் கார்ல் வில்லியம்ஸ் வெளியிட்ட ஒரு சிறிய அறிக்கை சான்று. 21 மாதக் குழந்தை ஒன்று, தூங்கும்வரை யாராவது அருகில் இருக்க வேண்டும் என்று தினமும் அழுதது. பெற்றோர் அன்போடு படுக்க வைத்துவிட்டு வெளியே வந்து, திரும்பி உள்ளே போகாமல் இருந்தார்கள். முதல் இரவு 45 நிமிடம் அழுதது. பத்தாவது இரவுக்குள் அழுகையே இல்லை. ஏறத்தாழ ஒரு வாரம் கழித்துக் குழந்தையைப் படுக்க வைத்த அத்தை, அழுகையைக் கேட்டு அறைக்குள் திரும்பிப் போய்த் தூங்கும்வரை உடன் இருந்தார். அழுகை பழைய வேகத்தோடு திரும்பியது, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது.

அந்த அறிக்கையைக் குழந்தையைத் தனியே தூங்க வைக்கும் அறிவுரையாக நான் இங்கே சொல்லவில்லை. நம் வீடுகளில் குழந்தைகள் பெரியவர்களோடு படுப்பது வழக்கம், அதில் தவறொன்றும் இல்லை. ஒரே ஒருவர் ஒரே ஒருமுறை மாறி நடந்தால் என்ன ஆகும் என்பதற்காகவே சொல்கிறேன். இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். குழந்தை தலையை முட்டிக்கொண்டால், சாலையை நோக்கி ஓடினால், காய்ச்சலோ வலியோ இருந்தால் கண்டுகொள்ளாமல் இருப்பது தவறு.

பாட்டி தாத்தாவோடு வாழும் வீட்டில் இது நடக்குமா?

நடக்கும், ஆனால் அவர்களைக் குற்றவாளிகளாக்கினால் நடக்காது. வேலைக்குப் போகும் பெற்றோர் பலரின் வீட்டில் பகல் முழுவதும் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் பாட்டிதான். அழுகையை நாள் முழுக்கத் தாங்க வேண்டியவரும் அவரே. மாலையில் வந்து "நீங்கதான் செல்லம் குடுத்துக் கெடுக்கிறீங்க" என்றால், வலுவூட்டல் விதிப்படி அவர் உங்களிடம் எதையும் சொல்லாமல் மறைக்கவே கற்றுக்கொள்வார். மாறாக, ஒரே ஒரு நடத்தையை மட்டும் எடுத்துக்கொண்டு அவருடைய உதவியைக் கேளுங்கள். "அத்தை, சாயங்காலம் சிப்ஸ் கேட்டு அழுதா மட்டும் குடுக்காம இருந்து பாப்போமா? அவனா வந்து அமைதியா கேட்டா, நீங்களே உங்க கையால குடுங்க." கொடுக்கும் மகிழ்ச்சியை அவரிடமிருந்து பறிக்காமல், கொடுக்கும் நேரத்தை மட்டும் மாற்றுகிறோம். இந்த ஏற்பாடு நிலைப்பதற்கு அதுவே காரணம்.

ஒரே மாதிரி அழுகைக்கு எல்லா நேரமும் ஒரே மருந்தா?

இல்லை. முதன்மையான கேள்வியே இதுதான். பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் நடத்தை வெவ்வேறு காரணங்களால் நீடிக்கலாம். 1982-இல் பிரையன் இவாடாவும் உடன் பணியாற்றியவர்களும் தம்மைத்தாமே காயப்படுத்திக்கொள்ளும் குழந்தைகளை வெவ்வேறு சூழல்களில் வைத்து அளந்தபோது, ஒருவர் மற்றவரின் கவனம் கிடைப்பதற்காகவும், இன்னொருவர் கடினமான வேலையிலிருந்து தப்பவும், வேறொருவர் அந்தச் செயல் தரும் உணர்வுக்காகவும் அவ்வாறு செய்வது தெரிந்தது. விரும்பிய பொருள் கிடைப்பது என்பதையும் சேர்த்து, பொதுவாக நான்கு காரணங்களை இத்துறையினர் தேடுவார்கள்.

யு.கே.ஜி. படிக்கும் குழந்தை எழுதும் நேரத்தில் பென்சிலை வீசுகிறது என்று கொள்வோம். "போய் மூலையில் நில்" என்கிறோம். கவனத்துக்காக வீசிய குழந்தை அதனால் திருந்தலாம். எழுதுவது கடினமாக இருப்பதால் வீசிய குழந்தைக்கோ, மூலையில் நிற்பது கேட்டது கிடைத்தது போலத்தான், எழுத வேண்டாமே! அதற்குத் தேவை, வேலையைச் சிறிதாக்குவதும், "கஷ்டமா இருக்கு, உதவி பண்ணுங்க" என்று சொல்லக் கற்றுக்கொடுப்பதும். எட்வர்டு காரும் மார்க் டுரண்டும் 1985-இல் காட்டியதும் இதையே: அடம்பிடித்துப் பெற்றதைச் சொல்லிக் கேட்டே பெற முடியும் என்று கற்பித்தால், அடம் குறைகிறது.

காரணத்தை ஊகிக்காமல் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். பழைய நோட்டு ஒன்று போதும். நேரம், முன்னால் என்ன நடந்தது, குழந்தை சரியாக என்ன செய்தது, உடனே யார் என்ன செய்தார்கள் என்பவற்றை எழுதுங்கள். "கோபப்பட்டான்" என்று எழுதாமல் "தட்டைத் தள்ளினான்" என்று எழுதுங்கள். அந்த நோட்டைப் படிக்கையில் குழந்தையின் பெயரைவிட நம் பெயர்தான் அதிகம் கண்ணில் படும். மாற்ற வேண்டிய முதல் நடத்தை பெரும்பாலும் பெரியவர்களுடையது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

பரிசு கொடுத்துப் பழக்குவது லஞ்சம் ஆகிவிடாதா?

அழுகையை நிறுத்துவதற்காக அழும்போதே சாக்லேட் நீட்டுவது லஞ்சத்துக்கு நெருங்கியது. செய்து முடித்த நல்ல செயலுக்குப் பின் வருவது வேறு.

ஆனாலும் இந்தக் கவலையில் நியாயம் உண்டு. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்டு நிஸ்பெட் ஆகியோர், ஏற்கெனவே ஆசையோடு வண்ணப் பேனாவால் படம் வரையும் மழலையர் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த குழந்தைகள், பிறகு தாமாக வரையும் நேரம் குறைந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடமும், எதுவும் பெறாதவர்களிடமும் அந்தக் குறைவு காணப்படவில்லை. ஆகவே தானாகவே கதைப் புத்தகம் படிக்கும் மகளுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று பேசாதீர்கள். விருப்பமே இல்லாத, இன்னும் கைவராத வேலையைத் தொடங்கி வைக்கத்தான் வெளிப் பரிசு தேவை. கைவந்ததும் மெல்ல மெல்ல விலக்கிக்கொள்ள வேண்டும்.

பரிசு பொருளாக இருக்க வேண்டியதும் இல்லை. டேவிட் பிரேமாக் 1959-இல் சொன்னது, ஒருவர் தானாகவே அதிகம் செய்யும் செயலை, அவர் குறைவாகச் செய்யும் செயலுக்குப் பரிசாக வைக்கலாம் என்பது. பல் தேய்த்துவிட்டுக் கதை, வீட்டுப்பாடம் முடித்துவிட்டு மாடியில் கிரிக்கெட். அதைவிட எளியது கவனம். "நல்ல பிள்ளை" என்று பொதுவாகச் சொல்லாமல், "தம்பி கேட்டதும் பொம்மையைக் குடுத்தியே, பாத்தேன்" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். 1964-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மழலையர் பள்ளி ஒன்றில், எப்போதும் ஆசிரியர்களையே ஒட்டியிருந்த சிறுமி மற்ற குழந்தைகளோடு இருக்கும்போது மட்டும் ஆசிரியர்கள் கவனம் கொடுத்தபோது, அவள் குழந்தைகளோடு கலந்து விளையாடத் தொடங்கினாள். முறையைத் திருப்பிப் போட்டபோது மீண்டும் ஒதுங்கினாள். மாறியது ஆசிரியரின் பார்வை விழுந்த இடம் மட்டுமே.

அடித்து வளர்த்ததால்தானே நாம் ஒழுங்காக வளர்ந்தோம்?

"அடியாத மாடு படியாது" என்று சொல்லியே தலைமுறைகளை வளர்த்திருக்கிறோம். அடி அந்த நொடியில் செயலை நிறுத்தும் என்பது உண்மை. அதனால்தான் அடிப்பவருக்கு அது பழக்கமாகிறது. அடித்தவுடன் அமைதி கிடைக்கிறதே. ஆனால் எதைச் செய்ய வேண்டும் என்பதை அடி கற்றுத்தருவதில்லை, அடிப்பவர் இல்லாத இடத்தில் அது வேலை செய்வதும் இல்லை. அப்பா வண்டிச் சத்தம் கேட்டதும் டி.வி.யை அணைக்கும் குழந்தை கற்றது, வண்டிச் சத்தத்தை அடையாளம் காண்பதை மட்டும்தான். 2016-இல் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கெய்லர் இருவரும், ஏறத்தாழ 1,60,000 குழந்தைகளைப் பற்றிய, ஐம்பது ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அடி வாங்குவது மிகுந்த முரட்டுத்தனத்தோடும் மனநலச் சிக்கல்களோடும் சேர்ந்து காணப்பட்டது. நன்மை எதனோடும் சேர்ந்து காணப்படவில்லை. பள்ளிகளைப் பொறுத்தவரை, 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல்தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்துள்ளது.

டியூஷனுக்கு அனுப்பியும் படிப்பு ஏறவில்லை. இத்துறை என்ன சொல்கிறது?

1953-இல் ஸ்கின்னர் தம் மகளின் நான்காம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பார்க்கப் போனார். எல்லாக் குழந்தைகளும் ஒரே வேகத்தில் போக வேண்டியிருந்தது, தாம் போட்ட கணக்குச் சரியா தவறா என்று உடனே தெரியவில்லை. கற்றலின் இரண்டு அடிப்படைகளும் அங்கே மீறப்படுவதைக் கண்டு, சிறு படிகளாக, ஒவ்வொரு விடைக்கும் உடனுக்குடன் பதில் தரும் கற்பிக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். அந்த இயந்திரம் மறைந்துவிட்டது. அவர் கண்ட குறை, பள்ளி முடிந்து நேரே டியூஷன், பிறகு இந்தி வகுப்பு என்று ஓடும் நம் பிள்ளைகளின் மாலைப் பொழுதில் அப்படியே இருக்கிறது. யூனிட் டெஸ்ட் விடைத்தாள் இரண்டு வாரம் கழித்துச் சிவப்பு மையோடு வந்தால், எந்தத் தவறு எதனால் வந்தது என்பது அதற்குள் மறந்துபோயிருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியது இது. இருபது கணக்கை ஒன்றாகக் கொடுத்துக் கடைசியில் திருத்தாதீர்கள். நான்கு கணக்கு, உடனே திருத்தம், ஒரு சிறு ஓய்வு, மறுபடி நான்கு. முதல் கணக்கு அவனால் கண்டிப்பாகப் போடக்கூடியதாக இருக்கட்டும். மனப்பாடம் விஷயத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-இல் செய்த ஆய்வைப் பின்பற்றலாம். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அவர்களை முந்தினார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு உரக்கப் படித்துக்கொண்டே நடக்கும் பிள்ளையிடம், பக்கத்துக்கு ஒருமுறை புத்தகத்தை மூடச் சொல்லுங்கள்.

போன் காட்டினால்தான் சாப்பிடுகிறாள். எப்படி விடுவிப்பது?

ஒரே நாளில் பிடுங்காதீர்கள். முதலில் ஒரு வாய் போன் இல்லாமல், பிறகு இரண்டு வாய் போன் இல்லாமல், அதற்குப் பின் வீடியோ. படியை மெல்ல உயர்த்துங்கள், பசித்த நேரத்தில் மட்டும் தட்டை வையுங்கள், எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுங்கள். பெரியவர்கள் கையிலும் அந்த நேரத்தில் போன் இருக்கக் கூடாது. எடை குறைந்தாலோ, குறிப்பிட்ட சில உணவுகளைத் தவிர எதையும் தொடாவிட்டாலோ முதலில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

நல்ல செயலுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டும் அட்டவணை பதினைந்து வயது மகனிடம் எடுபடுமா?

எடுபடாது. அவனோடு உட்கார்ந்து பேசி, இருவரும் ஒப்புக்கொண்டதை எழுதிவைப்பதே அந்த வயதுக்கு ஏற்றது. வார நாள்களில் போன் எத்தனை மணிவரை, அதற்கு ஈடாக நீங்கள் எதில் தலையிடமாட்டீர்கள் என்று இரு பக்கமும் இருக்கட்டும். நீங்கள் உங்கள் பக்கத்தை மீறாமல் இருப்பது கட்டாயம்.

அவனால் போனை ஏன் கீழே வைக்க முடியவில்லை என்பதையும் அவனுக்கே விளக்கலாம். 1957-இல் சார்லஸ் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் வெளியிட்ட ஆய்வில், எத்தனையாவது முயற்சிக்குப் பலன் வரும் என்று தெரியாதபோது செயல் மிக வேகமாகவும் விடாமலும் நடப்பது தெளிவானது. தமிழ்நாட்டில் 2003-இல் தடை செய்யப்படும்வரை லாட்டரிச் சீட்டு அன்றாடக் கூலியை விழுங்கியது இந்த விதியால்தான். விரலால் தள்ளத் தள்ள வரும் ரீல்ஸில் எப்போதோ ஒன்று நன்றாக இருப்பதும் அதே அமைப்புதான். தன் மனவுறுதிக் குறைவு என்று அவன் குமைவதைவிட, இது அப்படி அமைக்கப்பட்ட பொருள் என்று அறிவது அவனுக்கு உதவும்.

பெரியவர்கள் தம் பழக்கத்தை மாற்ற இது உதவுமா?

உதவும். சர்க்கரை நோய்க்காக நடக்கச் சொன்னால், நடப்பதன் பலன் மாதங்கள் கழித்து இரத்தப் பரிசோதனையில் வருகிறது, படுக்கையின் சுகமோ இப்போதே கிடைக்கிறது. அருகில் இருக்கும் விளைவே வெல்லும். எனவே நடைக்கும் அருகில் ஒரு விளைவை வையுங்கள்: பெசன்ட் நகர் கடற்கரையில் காத்திருக்கும் நண்பர், நடக்கும்போது மட்டும் கேட்கும் கச்சேரி, நாள்காட்டியில் போடும் ஒரு குறி. செருப்பை இரவே வாசலில் எடுத்துவைப்பதும், செயலுக்கு முன் இருக்கும் சூழலை மாற்றுவதே. ஸ்கின்னரே தாம் எழுதும் நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்து, வரைபடத்தில் குறித்துவந்தவர்.

இது ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான சிகிச்சை அல்லவா?

அத்துறையின் மிகப் பரவலான பயன்பாடு அது. சென்னையிலும் பல சிகிச்சை மையங்கள் இந்த முறையைப் பயன்படுத்துகின்றன. இதில் ஒரு கசப்பான வரலாறு உண்டு என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். 1960-களில் ஐவர் லோவாஸ் உள்ளிட்டோர் அறைதலையும் மின்னதிர்ச்சியையும்கூடப் பயன்படுத்தினார்கள். வளர்ந்துவிட்ட ஆட்டிசம் உள்ளவர்கள் பலர், தங்களை மற்றவர்களைப் போல் தோன்றச் செய்வதற்காகக் கையசைப்பை நிறுத்த வைத்ததும் கண்ணைப் பார்த்துப் பேசும்படி வற்புறுத்தியதும் தங்களைக் காயப்படுத்தின என்று சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதை நாம் கேட்டே ஆக வேண்டும். யாருக்கும் தீங்கு செய்யாத கையசைப்பை நிறுத்த வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. கேட்டுப் பெறுவது, கழிப்பறைக்குப் போவது, சாலையைக் கடப்பது ஆகியவற்றைக் கற்பிப்பதே வாழ்க்கைக்குப் பயன்.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, உங்களை உள்ளே உட்கார்ந்து பார்க்க அனுமதிக்கிறார்களா, எதைக் கற்பிக்கப் போகிறோம் என்று உங்களோடு பேசி முடிவெடுக்கிறார்களா, குழந்தை வேண்டாம் என்று காட்டினால் மதிக்கிறார்களா, பயிற்சியாளர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கதவைச் சாத்திவிட்டுப் பெற்றோரை வெளியே நிறுத்தும் இடத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். குணப்படுத்திவிடுவோம் என்று உறுதி கூறும் இடத்தையும் தவிர்த்துவிடுங்கள்.

எப்போது, யாரிடம் போக வேண்டும்?

பேச்சு வரத் தாமதமானால், வந்த பேச்சு நின்றுபோனால், குழந்தை தன்னையோ பிறரையோ காயப்படுத்தினால், பள்ளிக்குப் போகவே அஞ்சினால் காத்திருக்க வேண்டாம். எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையிலோ உங்கள் வழக்கமான குழந்தை மருத்துவரிடமோ தொடங்கலாம். காது கேட்கும் திறனை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் மதிப்பீடும் பயிற்சியும் கிடைக்கின்றன. பெற்றோரின் மனச்சோர்வுக்கும் பிள்ளைகளின் மனநலக் கேள்விகளுக்கும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம். போகும்போது நீங்கள் ஒரு வாரம் எழுதிய நோட்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் பத்துக் கேள்விகளில் பலவற்றுக்கு அதில் விடை இருக்கும்.